பின்பக்கம் உட்கார்ந்த கார்: ஏர் சஸ்பென்ஷனை வீட்டிலேயே சரிசெய்யும் முறை

பின்பக்க ஏர் சஸ்பென்ஷன் உள்ள கார் ராத்திரி நிமிர்ந்து நின்று காலையில் உட்கார்ந்திருந்தால், அநேகமாக எங்கோ காற்று கசிகிறது. கம்ப்ரசர் கெட்டுப்போயிருக்கலாம், ரிலே ஒட்டிக்கொண்டிருக்கலாம், டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியலாம். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை கசிவின் விளைவுகள். கசிவைக் கண்டுபிடிக்காமல் கம்ப்ரசரை மட்டும் மாற்றினால், புதியதும் பழையதைப் போலவே ஓடி ஓடித் தேயும். இந்த வேலையில் பழகிய மெக்கானிக்குகள் சோப்புத் தண்ணீரை முதலில் எடுப்பதும் ஸ்பேனரைப் பிறகு எடுப்பதும் இதனால்தான்.

முன்பக்கம் சாதாரண இரும்புச் சுருள் ஸ்பிரிங்கும் பின்பக்கம் மட்டும் காற்றும் வைத்த கார்கள் பல. பி.எம்.டபிள்யூ ஐந்தாம் வரிசையின் டூரிங் வகை, கிரான் டூரிஸ்மோ, 2008-இல் வந்த ஏழாம் வரிசையில் சில, எக்ஸ்-5 காரின் சில வகைகள், மெர்சிடிஸ் ஈ-கிளாஸ் எஸ்டேட், லேண்ட் ரோவர் டிஸ்கவரியின் இரண்டாம் தலைமுறையில் சில, அமெரிக்காவின் லிங்கன் டவுன் கார் ஆகியவை இந்த இனம். டிக்கியில் பெட்டிகளும் பின்இருக்கையில் ஆட்களும் ஏறும்போது எடை கூடுவது பின்பக்கம்தான். அந்த எடைக்கு ஏற்பக் காற்றைக் கூட்டியும் குறைத்தும் வண்டியை ஒரே மட்டத்தில் வைத்திருப்பதே இந்த அமைப்பின் வேலை.

அமைப்பும் அதன் உறுப்புகளும்

ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் ஒரு காற்றுப் பை உண்டு. பட்டறைகளில் இதை பெல்லோஸ் என்பார்கள், பலூன் என்றும் சொல்வார்கள். நூலிழை வைத்து வலுவேற்றிய ரப்பர் குழல் இது. மேல்முனை ஒரு மூடியிலும் கீழ்முனை பிஸ்டன் என்ற கட்டையிலும் கவ்வப்பட்டிருக்கும். சக்கரம் மேலும் கீழும் அசையும்போது ரப்பர் அந்தக் கட்டையின் மேல் மடிந்து உருளும். இந்த மடிப்புதான் அமைப்பின் உயிர். முதலில் பழுதாகும் இடமும் இதுதான்.

பையின் பயனுள்ள விட்டம் 12 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் பரப்பு சுமார் 113 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் 600 கிலோ எடை அமர்ந்தால் உள்ளே 5.2 பார் அழுத்தம் வேண்டும். கார் டயரில் இருப்பது சுமார் 2.3 பார் மட்டுமே. டயரைவிட மெல்லிய ரப்பர், டயரைவிட இரு மடங்குக்கு மேல் அழுத்தத்தை ஆண்டுக்கணக்கில் தாங்கிக்கொண்டிருக்கிறது.

பைக்குக் காற்று தருவது 12 வோல்ட்டில் ஓடும் சிறிய கம்ப்ரசர். அதை ஒட்டியே ஈரம் உறிஞ்சும் மணிகள் நிரப்பிய டிரையர் இருக்கும். அடுத்தது வால்வு பிளாக்: இடப்பக்கத்துக்கு ஒரு சோலினாய்டு வால்வு, வலப்பக்கத்துக்கு ஒன்று. காற்றை வெளியேற்றும் வால்வும் உண்டு. அங்கிருந்து 4 அல்லது 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள நைலான் குழாய்கள் பைகளுக்குப் போகின்றன. சக்கரத்தைத் தாங்கும் கையோடு ஒரு சிறு கம்பியால் இணைக்கப்பட்ட உயர சென்சார், வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று கண்ட்ரோல் யூனிட்டுக்குச் சொல்லும். உயரம் குறைந்தால் யூனிட் கம்ப்ரசரை ஓட்டும். கூடினால் காற்றை வெளியே விடும்.

டிரையரின் செயல்பாட்டைப் புரிந்துகொண்டால் கசிவு ஏன் மற்ற உறுப்புகளையும் கெடுக்கிறது என்பது விளங்கும். உள்ளே வரும் காற்றின் ஈரத்தை டிரையர் பிடித்துவைக்கிறது. வண்டி இறங்க வேண்டும்போது காய்ந்த காற்று அதே டிரையர் வழியாகத் திரும்பி, பிடித்துவைத்த ஈரத்தை வெளியே கொண்டுபோகிறது. பையில் ஓட்டை இருந்தால் காற்று அந்த வழியாகத் திரும்பி வருவதே இல்லை. கம்ப்ரசர் புதிது புதிதாக ஈரக்காற்றை இழுக்க, டிரையர் நனைந்து தன் சக்தியை இழக்கிறது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் இது இன்னும் விரைவாக நடக்கும். பிறகு நீர் வால்வு பிளாக்குக்குள் இறங்கி உப்புப் பூத்து, வால்வுகள் சரியாக மூடாமல் போகும். ஒரு ஓட்டை இரண்டாவது ஓட்டையை உண்டாக்கும் வழி இது.

கசிவு எங்கே வருகிறது

முதல் இடம் ரப்பர் மடிப்பு. வெயிலும் ஓசோனும் ரப்பரை இறுக்கி மயிரிழை வெடிப்புகளை உண்டாக்குகின்றன. மடிப்புக்கும் கட்டைக்கும் இடையே மணலும் செம்மண் புழுதியும் புகுந்தால், வண்டி ஓடும் ஒவ்வொரு கணமும் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதுபோல் ரப்பர் தேயும். இரண்டாவது இடம், குழாய் பையில் செருகும் பித்தளை இணைப்பு. மூன்றாவது நைலான் குழாய்: சூடான பாகத்தில் உரசிய இடம், கல் பட்ட இடம், எலி கடித்த இடம். நீண்ட நாள் நிறுத்திவைத்த கார்களில் எலிக்கடி அபூர்வமல்ல. நான்காவது வால்வு பிளாக்கும் அதன் ஓ-ரிங்குகளும்.

எல்லா இறக்கமும் கசிவுதான் என்று முடிவுகட்டக் கூடாது. வண்டியின் எடை மாறாதவரை பையின் அழுத்தமும் மாறாது. வெப்பம் குறைந்தால் காற்றின் கன அளவு சுருங்கும். மாலை 35 டிகிரியில் நிறுத்திய கார் விடியற்காலை 20 டிகிரியில் நின்றால் காற்று ஏறக்குறைய 5 சதவீதம் சுருங்கியிருக்கும். வண்டி சில மில்லிமீட்டர் தாழும். இது இயல்பு. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்தாலோ தேட வேண்டியதுதான்.

அறிகுறிகளைப் படிப்பது

கருவி எதையும் எடுப்பதற்கு முன் அளவு எடுக்க வேண்டும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரத்தின் மையத்திலிருந்து அதற்கு நேர்மேலே மட்கார்டின் விளிம்புவரை இரு பக்கமும் டேப் பிடித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். எஞ்சினை நிறுத்தியதும் ஒன்று, ஒரு மணி நேரம் கழித்து ஒன்று, மறுநாள் காலை ஒன்று. இந்த மூன்று அளவுகளும் பாதி நோயைச் சொல்லிவிடும்.

ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்தால் அந்தப் பக்கத்துப் பை, இணைப்பு, குழாய், வால்வு ஆகியவற்றில் ஒன்று. மிகவும் தாழ்ந்த பக்கம் ஸ்டெபிலைசர் பார் வழியாக மறுபக்கத்தையும் கொஞ்சம் கீழே இழுக்கும் என்பதால், எது அதிகம் தாழ்ந்தது என்று பார்ப்பது முக்கியம். இரு பக்கமும் சமமாகத் தாழ்ந்தால் வெளியேற்றும் வால்வைச் சந்தேகிக்க வேண்டும். ஒரே வயதுள்ள இரண்டு பைகளும் சேர்ந்தே வெடித்திருக்கவும் கூடும். எஞ்சினைப் போட்டதும் கம்ப்ரசர் சத்தம் கேட்டு வண்டி நிமிர்ந்தால் கம்ப்ரசர் உயிரோடு இருக்கிறது. சத்தம் கேட்டும் நிமிராவிட்டால் பெரிய ஓட்டை அல்லது தேய்ந்த கம்ப்ரசர். சத்தமே இல்லாவிட்டால் மின்சாரப் பக்கம் போக வேண்டும். வண்டி இறங்காமல் எப்போதும் கோணலாகவே நின்றால் காற்றைத் தேடிப் பயனில்லை. சென்சாரின் கம்பி கழன்றிருக்கும் அல்லது துருப்பிடித்து உடைந்திருக்கும்.

உட்கார்ந்த வண்டியை அப்படியே ஓட்டக் கூடாது. டயர் மட்கார்டின் உட்புறத்தில் உரசும். ஒவ்வொரு பள்ளமும், சஸ்பென்ஷன் அடியில் முட்டாமல் தடுக்கும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப்பில் இடித்து வண்டியின் உடலுக்கு ஏறும். ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். காற்றில்லாத பை மடிப்பு தவறிக் கிழியும். தப்பிக்கவே முடியாத நிலையில் ஆட்களையும் சுமையையும் இறக்கிவிட்டு, மெதுவாக, அருகிலுள்ள பட்டறைவரை மட்டும் ஓட்டலாம்.

கீழே படுப்பதற்கு முன்

காற்று தாங்கும் வண்டிக்கடியில் யாரும் தலையை நுழைக்கக் கூடாது. ஒரு வால்வு திறந்தால் போதும், வண்டி சில நொடிகளில் பம்ப் ஸ்டாப்வரை இறங்கிவிடும். சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் கண்ட்ரோல் யூனிட் விழித்திருந்து மட்டத்தைச் சரிசெய்யும்.

முதல் வேலை அமைப்பை உறங்கவைப்பது. சில கார்களில் ஜாக்கி போடுவதற்கென்றே ஒரு நிலை உண்டு. லிங்கன் டவுன் காரில் டிக்கிக்குள் தனி ஸ்விட்ச் இருக்கிறது. வேறு வழியில்லாத கார்களில் ஏர் சஸ்பென்ஷனின் ஃபியூஸைக் கழற்ற வேண்டும். இதைச் செய்யாமல் ஜாக்கி போட்டால், சக்கரம் தொங்குவதைக் கண்டு வண்டி மிக உயரத்தில் நிற்பதாக யூனிட் எண்ணி, பையிலிருந்த காற்றையெல்லாம் வெளியே விட்டுவிடும். பிறகு ஜாக்கியை இறக்கும்போது வெறும் பையின்மேல் முழு எடையும் விழும்.

முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். தரை சிமெண்டாகவும் சமமாகவும் இருக்க வேண்டும். ஜாக்கி தூக்க மட்டும்தான், தாங்குவது ஸ்டாண்டு. வண்டியின் எடைக்கு ஏற்ற ஸ்டாண்டுகளை, கார் கையேடு காட்டும் இடத்தில் வைக்க வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டு ஆகா. இணைப்பைக் கழற்றும்போது தூசியோடு காற்று சீறும் என்பதால் பாதுகாப்புக் கண்ணாடி அணிவது அவசியம்.

சோப்புத் தண்ணீர்ச் சோதனை

பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பைத் தண்ணீரில் கலந்து ஸ்பிரே புட்டியில் நிரப்பினால் சோதனைக் கருவி தயார். பஞ்சர் கடைத் தொட்டியில் டியூபை அமிழ்த்திப் பார்ப்பதற்கும் இதற்கும் தத்துவம் ஒன்றுதான். வேறுபாடு, இங்கே ஓட்டை எல்லா நிலையிலும் வாய் திறப்பதில்லை.

பலர் ஏமாறும் இடம் இது. வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டுச் சோப்புத் தண்ணீர் அடிப்பார்கள்; குமிழி வராது; பை நன்றாக இருக்கிறது என்று முடிவுக்கு வருவார்கள். சக்கரம் தொங்கும்போது மடிப்பு விரிந்து, எடை நீங்கி, அழுத்தமும் குறைந்துவிடுகிறது. கசிவு நிகழ்வதோ வண்டி தன் எடையோடு வழக்கமான உயரத்தில் நிற்கும்போது மடிப்பு விழுகிற இடத்தில். எனவே சோதனையை அந்த நிலையிலேயே செய்ய வேண்டும். பின்சக்கரங்களை உறுதியான சாய்தளங்களில் ஏற்றி, வண்டியை வழக்கமான உயரத்துக்கு நிமிர்த்தி, அமைப்பை உறங்கவைத்து, வண்டியின் உடலுக்கடியில் ஒரு விரற்கடை இடைவெளி விட்டு ஸ்டாண்டுகளை வைத்துக்கொள்ளலாம். வண்டி இறங்கினாலும் ஸ்டாண்டு பிடித்துக்கொள்ளும்.

மடிப்பைச் சுற்றி முழுவதும், குறிப்பாகக் கண்ணுக்கு மறைந்த உட்பக்கத்தில், திரவம் வழியும்படி அடிக்க வேண்டும். ஒரு சிறு கண்ணாடியும் டார்ச்சும் இருந்தால் உட்பக்கத்தைப் பார்க்கலாம். பெரிய ஓட்டை உடனே நுரைக்கும். ராத்திரி முழுதும் எடுத்துக்கொண்டு இறக்கும் சிறு ஓட்டை கடுகளவு வெண்நுரையாகச் சில நிமிடம் கழித்தே தெரியும், பொறுமை வேண்டும். அடுத்து மேல்மூடியின் கவ்வு, பித்தளை இணைப்பு, குழாயின் முழு நீளம், வால்வு பிளாக், கடைசியாக வெளியேற்றும் துளை. மின்இணைப்புகள்மேல் திரவம் படாமல் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். வெளியேற்றும் துளையில் சிறு குழாய் பொருத்தி அதன் முனையைத் தண்ணீர்ப் புட்டியில் விட்டால், ஓய்வு நிலையில் குமிழி வருகிறதா என்று தெரிந்துவிடும். வந்தால் வால்வு மூடவில்லை.

பையா, வால்வு பிளாக்கா என்று பிரித்தறிய முடியாதபோது இன்னொரு வழி உண்டு. குழாயின் விட்டத்தை வெர்னியரில் அளந்து, அதே அளவில் ஒரு சிறு அடைப்பு வால்வும் பிரஷர் கேஜும் வாங்கிக் குழாயின் நடுவே இணைப்பது. நியூமேட்டிக் பொருள் விற்கும் கடைகளில் இவை கிடைக்கும். வண்டியை நிமிர்த்தி வால்வை அடைத்து, கேஜ் காற்றுப் பையின் பக்கம் இருக்கும்படி ஒரு ராத்திரி விட வேண்டும். வண்டி இறங்கினால் குற்றம் பையிலோ அதன் பக்கத்துக் குழாயிலோ. இறங்காவிட்டால் வால்வு பிளாக்கில். இங்கே உயரத்தைத்தான் பார்க்க வேண்டும். கேஜ் முள் ஏமாற்றும். எடை அப்படியே இருப்பதால் வண்டி பம்ப் ஸ்டாப்பில் அமரும்வரை அழுத்தம் பெரிதாக மாறாது.

கம்ப்ரசரும் மின்சாரமும்

கம்ப்ரசர் ஓடவே இல்லையென்றால் முதலில் ஃபியூஸ், பிறகு ரிலே. ரிலேயின் முனைகள் தீய்ந்து பற்றாமல் போவது ஒரு வகை. உருகி ஒட்டிக்கொள்வது அதைவிடக் கெடுதல்: வண்டியை நிறுத்திய பிறகும் கம்ப்ரசர் நிற்காமல் ஓடிக் கருகும். அத்தகைய சத்தம் கேட்டால் உடனே ரிலேயைப் பிடுங்கிவிட வேண்டும். புதிய கம்ப்ரசர் போடும்போது ரிலேயையும் சேர்த்து மாற்றுவது தொழில் ஒழுங்கு.

ரிலே நன்றாக இருந்தால் கம்ப்ரசர் பிளக்கில், மோட்டாருக்குச் சுமை இருக்கும் நிலையில், மல்ட்டிமீட்டரால் வோல்ட்டேஜ் பார்க்க வேண்டும். பேட்டரியில் 12.5 இருந்து பிளக்கில் 10-க்குக் கீழே வந்தால் வயரிலோ எர்த்திலோ துரு. சரியான வோல்ட்டேஜ் வந்தும் ஓடாவிட்டால் மோட்டார் கெட்டது. ஓடியும் அழுத்தம் ஏறாவிட்டால் பிஸ்டன் ரிங் தேய்ந்தது. சில கம்ப்ரசர்களுக்கு ரிங் மட்டும் தனியே கிடைக்கிறது.

இந்தக் கம்ப்ரசர்கள் இடைவிடாமல் ஓடுவதற்குச் செய்யப்பட்டவை அல்ல. சில நிமிடம் ஓடினால் சூடாகும். யூனிட் அதை நிறுத்தி ஆறவிடும். சோதனையின்போது திரும்பத் திரும்ப ஓட்டிவிட்டு, திடீரென்று நின்றதும் பழுதென்று எண்ணக் கூடாது. ஆறிய பின் மீண்டும் பார்க்க வேண்டும்.

பெல்லோஸ் மாற்றும் முறை

வெடித்த ரப்பரை ஒட்டுப்போட முடியாது. மடிந்து உருளும் இடத்தில் எந்தப் பசையும் நிற்காது. 5 பார் அழுத்தத்தில் அது ஆபத்தும்கூட. பழைய வண்டியிலிருந்து கழற்றிய பையை வாங்குவதும் வீண், அந்த ரப்பருக்கும் அதே வயது. புதியது வாங்கும்போது உற்பத்தித் தேதியைப் பார்த்து வாங்க வேண்டும். ஒரு பக்கம் வெடித்து மறுபக்கமும் அதே வயதென்றால் இரண்டையும் மாற்றுவதே சரி.

அமைப்பை உறங்கவைத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்ற வேண்டும். சக்கரத்தைத் தாங்கும் கை முழுதாகத் தொங்கட்டும். பையின் இணைப்பை மெல்லத் தளர்த்திக் காற்று முழுவதும் போகும்வரை காத்திருந்து, பிறகே குழாயை உருவ வேண்டும். பையைப் பிடிக்கும் முறை காருக்குக் கார் மாறும். சிலவற்றில் மேலே கிளிப்பு, சிலவற்றில் கீழே போல்ட், சிலவற்றில் திருகிப் பூட்டும் அமைப்பு. அந்தந்த மாடலின் சர்வீஸ் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஷாக் அப்சார்பரோடு சேர்ந்து வரும் வகையை, கருவிகள் குறைவாக உள்ள வீட்டில் தொடாமல் இருப்பது மேல்.

பழைய பை வந்ததும் அது அமர்ந்திருந்த இடத்தை இரும்புத் தூரிகையால் தேய்த்துத் துருவையும் மணலையும் நீக்க வேண்டும். புதிய பையைப் பொருத்தும்போது அது முறுக்கிக்கொள்ளாமல் நேராக நிற்கிறதா, மடிப்பு கட்டையைச் சுற்றிச் சீராக விழுகிறதா என்று பார்ப்பது எல்லாவற்றையும்விட முக்கியம். முறுக்கிய பை சில மாதங்களிலேயே வெடிக்கும்.

குழாய் முனையைக் கூர்மையான பிளேடால் செங்குத்தாக வெட்ட வேண்டும். சாய்வாக வெட்டினாலும் முனையில் கீறல் இருந்தாலும் ஓ-ரிங் அடைக்காது. பழைய பித்தளை இணைப்பின் உள்வளையம் குழாயைக் கடித்துப் பிடித்திருக்கும். அந்தக் கடித்த பகுதியை வெட்டிவிட்டு, புதிய இணைப்பைப் போட்டு, குழாய் அடியில் முட்டும்வரை செருக வேண்டும். இணைப்பை அளவாக இறுக்கினால் போதும். பையின் கழுத்து பெரும்பாலும் பிளாஸ்டிக். பலம் காட்டினால் திருகுப் பற்கள் உருண்டுவிடும்.

காற்று ஏற்றுதல்

வெறும் பையின்மேல் வண்டியை இறக்கவே கூடாது. எடையோ சக்கரமோ தாங்காத பைக்கு முழு அழுத்தம் கொடுக்கவும் கூடாது. அது தன் இருக்கையை விட்டுத் துள்ளும் அல்லது வெடிக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. தொங்கும் கையை ஜாக்கியால் வழக்கமான உயரம்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, உறங்கவைத்த அமைப்பை எழுப்பி, கண்ட்ரோல் யூனிட்டோடு இணைக்கும் ஸ்கேனர் வழியாகக் கம்ப்ரசரை இயக்கி, பை உருண்டு வடிவம் பெறும் அளவுக்கு மட்டும் காற்றேற்ற வேண்டும். மடிப்பை ஒருமுறை கையால் தடவிப் பார்த்துவிட்டு, சக்கரத்தை மாட்டி, வண்டியை மெதுவாகத் தரையில் இறக்கி, மீதிக் காற்றை அமைப்பே ஏற்ற விட வேண்டும்.

நிமிர்ந்ததும் புதிய இணைப்புகளில் மறுபடியும் சோப்புத் தண்ணீர். இரு பக்க உயரமும் கையேட்டில் சொன்ன அளவுக்கு வராவிட்டால் ஸ்கேனரில் சென்சாரின் அளவைச் சீராக்கலாம். பதிவாகியிருக்கும் பழைய பிழைக் குறியீடுகளை அழித்துவிட்டு, மறுநாள் காலை அதே இடத்தில் டேப் பிடித்துப் பார்த்தால்தான் வேலை முடிந்தது. நீண்ட நாள் கசிந்த வண்டியாக இருந்தால் டிரையரின் மணிகளையும் மாற்றிவிட வேண்டும்.

சுருள் ஸ்பிரிங்குக்கு மாறலாமா

காற்றைத் தூக்கிவிட்டு இரும்புச் சுருள் போடும் கிட்டுகள் பல மாடல்களுக்கு விற்கின்றன. இந்த ஆசையும் புதிதல்ல. 1957-இல் ஏர் சஸ்பென்ஷனோடு வந்த காடிலாக் எல்டொராடோ பிரோகம் கார்களின் உரிமையாளர்கள் பலர், கசிவு தாங்காமல் அன்றே சுருளுக்கு மாறினார்கள். மாறினால் பராமரிப்பு குறையும் என்பது உண்மை. ஆனால் சுருள் ஒரே ஒரு எடைக்குத்தான் பொருந்தும். காலி வண்டியில் விறைப்பாக நிற்கும். குடும்பமும் பெட்டிகளும் ஏறினால் தாழும். காற்றுக்கென்று வடிவமைத்த ஷாக் அப்சார்பரோடு அது சரியாகப் பொருந்தாமலும் போகலாம். பையும் குழாயும் மட்டுமே பழுதாகி மற்றவை நன்றாக இருக்கும் காரில் காற்றையே காப்பாற்றுவது சரி. கம்ப்ரசர், வால்வு பிளாக், பைகள் எல்லாமே ஒன்றாகப் போய், சரிசெய்யும் செலவு காரின் மதிப்பை நெருங்கும்போது மட்டும் சுருளைப் பற்றி யோசிக்கலாம்.

இந்த நிலை வராமல் தடுப்பது உரிமையாளர் கையில் இருக்கிறது. வண்டி கழுவும்போதெல்லாம் பின்சக்கரங்களுக்கு உட்புறம் சாதாரணத் தண்ணீரைப் பீய்ச்சி, மடிப்பிலுள்ள மண்ணைக் கரைத்துவிட வேண்டும். பெட்ரோல், டீசல், எண்ணெய் எதையும் ரப்பரில் படவிடக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை மழைக்காலத்துக்கு முன் சோப்புத் தண்ணீர்ச் சோதனை செய்ய வேண்டும். காலையில் வண்டி ஒரு பக்கம் சற்றே சாய்ந்திருப்பதைக் கண்டால் அதே வாரத்தில் பார்த்துவிடுங்கள். ஒரு பையோடு முடிய வேண்டிய செலவு, தள்ளிப்போட்டால் கம்ப்ரசரையும் வால்வு பிளாக்கையும் சேர்த்துக்கொண்டுதான் வரும்.